படுவான்கரையிலிருந்து உகந்தை வரை

வெள்ளி இரவு, ரயிலில்

பௌத்தர்களின் முழுநிலா நாளான பொசன் போயா இந்த முறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்துவிட்டது. ஒரு லீவு பறிபோன துக்கத்தில் அலுவலகமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தது. எனக்கு அந்தக் கவலை இல்லை. மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் இருந்து மச்சான் போன கிழமையே சொல்லிவிட்டான்: "அம்மாவுக்கு உகந்தையில ஒரு நேர்த்தி இரிக்கு. ஞாயிறு வேன் போகுது. வாறயா?"

வருகிறேன் என்றேன். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டேன். உகந்தை மட்டும் போதாது, சனிக்கிழமை மண்டூருக்கும் கொக்கட்டிச்சோலைக்கும் போகவேண்டும். வழியில் திருக்கோவில் எப்படியும் வரும்.

உகந்தை, திருக்கோவில், மண்டூர் மூன்றும் முருகன் கோயில்கள், இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சூரனை அழித்த வேலில் இருந்து மூன்று கதிர்கள் தெறித்தன என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஒன்று உகந்தை மலையில் விழுந்தது. ஒன்று திருக்கோவிலில் வெள்ளை நாவல் மரத்தில் தங்கியது. மற்றது மண்டூரில் தில்லை மரத்தில். சின்ன வயதில் இருந்து கேட்ட கதை. ஆனால் மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்தது கிடையாது. உள்ளூர்க்காரன் உள்ளூரைப் பார்ப்பதே இல்லை என்பதற்கு நானே சாட்சி.

ரயில் மாகோவில் திரும்பி இப்போது காட்டுப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. யானை கடக்கும் இடங்கள், ஆகவே ஊர்கிறது. எதிரே இருக்கும் பெரியவர் பொலன்னறுவையில் இறங்கப் போகிறார், பொசனுக்கு. எங்கே போகிறாய் என்று கேட்டார். மட்டக்களப்புப் பக்கம் பழைய கோயில்கள் பார்க்க என்றேன். "அங்க பழைய கோவில் இருக்கா?" என்று சிங்களம் கலந்த தமிழில் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அவர் மேல் குற்றமில்லை. பழைய கோயில் என்றால் பொலன்னறுவையில் நிற்கும் சோழர் கால வானவன் மாதேவி ஈஸ்வரம் மாதிரி கருங்கல்லில் இருக்கவேண்டும் என்று நம்மில் பலருக்கும் ஓர் எண்ணம். கிழக்கில் அப்படித் தேடினால் ஏமாற்றம்தான்.

தூங்கப் போகிறேன். விடியப் புறம் மட்டக்களப்பு.

சனி, மதியம், கொக்கட்டிச்சோலை

ஸ்டேஷனுக்கு மச்சான் மோட்டார் சைக்கிளோடு வந்திருந்தான். முதலில் அமிர்தகழி, மாமாங்கம் சிவன் கோயில். இராமர் வழிபட்ட லிங்கம், அனுமார் வந்த இடம் என்றெல்லாம் தலபுராணம் இருக்கிறது. எனக்கு மாமாங்கம் என்றால் குளம்தான். ஆடி அமாவாசைக்கு வந்து பார்க்கவேண்டும், தகப்பனை இழந்தவர்கள் விடியற்காலையில் இருந்து அந்தத் தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருப்பார்கள். இன்று குளத்தில் யாரும் இல்லை. படிக்கட்டில் ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

கல்லடிப் பாலம் தாண்டும்போது மச்சான் வண்டியை நிறுத்தவில்லை. பழைய பாலம் 1924ஆம் ஆண்டில் கட்டியது, இப்போது நடக்கிறவர்களுக்கும் தூண்டில்காரர்களுக்கும். 2013இல் திறந்த புதுப் பாலத்தில்தான் வாகனங்கள். முழு நிலவு இரவில் இங்கே மீன் பாடும் என்பார்கள். தண்ணீருக்குள் ஏதோ ஒலி கேட்பது உண்மை, பாடுவது மீனா சிப்பியா என்பதில்தான் தகராறு. இன்றைக்கு அதற்கு நேரமில்லை. காத்தான்குடியில் றோட்டு நடுவில் பேரீச்ச மரங்கள், அடுத்து ஆரையம்பதி, அங்கிருந்து வலப்பக்கம் திரும்பினால் மண்முனைப் பாலம்.

இந்தப் பாலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மட்டக்களப்பு என்பது வாவியால் இரண்டாகப் பிரிந்த ஊர். கடல் பக்கம் எழுவான்கரை, மேற்கே வயல்களின் பக்கம் படுவான்கரை. பாடசாலை, ஆஸ்பத்திரி, பட்டணம் எல்லாம் இந்தப் பக்கம், நெல்லும் மாடும் தயிரும் அந்தப் பக்கம். நடுவில் 'பாதை'தான், இரும்பு மிதவையின் மேல் பலகை அடித்து மோட்டார் சைக்கிளையும் ஆட்களையும் மாட்டையும் ஏற்றிக் கடத்தும் அந்தப் பெரிய தெப்பம். யுத்த காலத்தில் இந்தத் துறையின் இரண்டு கரையிலும் இரண்டு அதிகாரம் இருந்தது. ஜப்பான் உதவியில் பாலம் வந்தது 2014இல். இப்போது கண்மூடித் திறப்பதற்குள் அக்கரை. படுவான்கரைக்காரருக்கு இந்தப் பாலம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது, இரவில் பாம்பு கடித்த பிள்ளையோடு துறையில் காத்து நின்றவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

மகிழடித்தீவுச் சந்தியில் படுகொலைகளின் நினைவுத்தூபி இருக்கிறது. 1987 ஜனவரி, 1991 ஜூன். இந்த ஊர்களில் அந்த இரண்டு மாதங்களின் பெயரைச் சொன்னால் போதும், வேறு விளக்கம் தேவைப்படாது. மச்சான் வண்டியை மெதுவாக்கினான். பேசாமல் போனோம்.

தான்தோன்றீஸ்வரர் கோயில் கதை தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். வேடன் ஒருவன் கொக்கட்டி மரத்தை வெட்டினான், வெட்டிய இடத்தில் இரத்தம் கசிந்தது, பயந்துபோய் இலைகளால் மூடினான், மரத்தடியில் லிங்கம் இருந்தது. பின்னால் பறங்கியர், அதாவது போர்த்துக்கீசர், கோயிலை இடிக்க வந்தார்கள். வந்த தளபதி கல் நந்தியைக் காட்டி, "உங்கள் மாடு புல் தின்னுமா?" என்று கேலி செய்தான். குருக்கள் புல்லை நீட்டினார். நந்தி எழுந்து புல்லைத் தின்றது, சாணம் போட்டது, தளபதியை உதைத்தது. எனக்கு இதில் பிடித்தது சாணம்தான். புல் தின்றது என்பதோடு கதை முடிந்திருந்தால் அது வெறும் அற்புதம். சாணமும் போட்டதால் மாடு வைத்திருக்கிற ஊரின் கதை ஆகிவிட்டது.

கோயிலில் காலைப் பூசை முடிந்து ஆட்கள் குறைவு. மண்டபமும் கோபுரமும் அண்மைக்கால வேலை. தேர் கொட்டகையில் நிற்கிறது. திருவிழாவில் சனம் கூடி வடம் பிடித்து மணலில் இழுக்கும் தேர் அது. பழைய கட்டடம் என்று காட்ட அதிகம் இல்லை. ஆனால் திண்ணையில் இருந்த ஒரு பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி ஆயிரம் வருஷத்துக் கேள்வி.

"ஆர்ர மகன், மனே?"

அம்மாவின் பெயரையும் ஊரையும் சொன்னேன்.

"அப்ப எந்தக் குடி?"

"படையாட்சி குடி."

"ஆ, அப்ப நீங்க நம்மடாள்தானே. இரிங்க."

அப்பாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மட்டக்களப்பில் குடி தாய்வழியில்தான் வரும். வேறு இடத்துத் தமிழர்களுக்கு இது புதுமையாக இருக்கலாம். கோயிலில் உனக்கு என்ன உரிமை, எந்த நாள் திருவிழா உன் குடிக்கு, யார் வண்ணக்கராக இருக்கலாம், யாருக்கு முதல் மரியாதை, எல்லாம் தாய் எந்தக் குடி என்பதில் தொங்கும். வண்ணக்கர் என்றால் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பொறுப்பாளர். வயல், நெல், நகை, வரவு செலவு எல்லாம் அவர்கள் கையில். கொக்கட்டிச்சோலை, திருக்கோவில், மண்டூர் போன்றவற்றைத் 'தேசத்துக்கோயில்' என்பார்கள். ஓர் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை, தேசம் முழுவதும் குடி குடியாகப் பங்கு போட்டு நடத்துகிற கோயில்.

இந்த முறையில் அழகும் உண்டு, சண்டையும் உண்டு. முதல் மரியாதைக்காக நீதிமன்றம் வரை போன குடும்பங்களின் கதையைப் பெரியவரே சிரித்துக்கொண்டு சொன்னார். குடி என்று வந்தால் உள்ளே யார் வெளியே யார் என்ற கணக்கும் கூடவே வரும், அதை மூடி மறைப்பதற்கில்லை. ஆனாலும் ஒன்று: கட்டடத்தை எத்தனை முறை இடித்தாலும் இந்தப் பங்கீட்டை யாராலும் இடிக்க முடியவில்லை. பறங்கியரால் முடியவில்லை, யுத்தத்தாலும் முடியவில்லை. சனம் இடம்பெயர்ந்து அகதி முகாமில் இருந்தபோதும் தங்கள் திருவிழா நாள் எது என்பதை மறக்கவில்லை.

சைவக் கடை ஒன்றில் சோறு. பருப்பு, வாழைக்காய், பொன்னாங்காணிச் சுண்டல். அப்புறம் தயிர், அந்தச் சட்டியிலேயே. வெயில் கொளுத்துகிறது. கச்சான் காற்று தொடங்கிவிட்டது, மேற்கே இருந்து அடுப்பு வாயைத் திறந்துவிட்டது மாதிரி. இனி மண்டூர்.

சனி, இரவு, களுவாஞ்சிகுடி

வெல்லாவெளி வழியாகப் போனோம். இரண்டு பக்கமும் சின்னப்போக வயல், பச்சை. இடையிடையே யானை வேலி. புதிதாகக் கட்டிய ஒரு கோயிலில் தண்ணீர் குடிக்க இறங்கினோம். தரை முழுக்க பளபளவென்று குளியலறை டைல்ஸ். ஈரக் காலோடு வந்த ஒரு பாட்டி தூணைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார். வெளிநாட்டுக் காசு வந்து பழைய சாந்துத் தரையைப் பெயர்க்கும்போது யாராவது ஒருவர் அந்தப் பாட்டியை நினைத்திருக்கலாம்.

மண்டூருக்குள் போகும்போதே சத்தம் குறைகிறது. வாவிக்கரையில் கோயில், சுற்றி மரங்கள். தில்லை சதுப்பு நிலத்து மரம், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். சின்னப் பிள்ளைகளை அந்த மரத்துக்குக் கிட்டே விடமாட்டார்கள். அப்படிப்பட்ட மரத்தைத் தேடி வேல் வந்து தங்கியது என்று கதை கட்டியவரின் மனதை யோசித்துப் பாருங்கள்.

மண்டூரைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். கதிர்காமம் போலவே இங்கும் மூலஸ்தானத்தில் விக்கிரகம் பார்க்க முடியாது, திரைதான். பூசை செய்பவர் பிராமணக் குருக்கள் இல்லை, கப்புகனார். வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவார். மந்திரம் சொல்லும் சத்தம் இல்லை. மணி அடிக்கும், தீபம் போகும், வரும். மற்றதெல்லாம் திரைக்குப் பின்னால்.

நாங்கள் போனது மாலைப் பூசை நேரம். மொத்தம் பத்துப் பதினைந்து பேர் இருப்போம். மேளம் நின்றதும் கப்புகனார் வாய் கட்டி, தட்டோடு திரைக்குள் நுழைந்தார். அடுத்துக் கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. கும்பிட்ட கையோடு நிற்கிறோம், எதைப் பார்த்து என்று தெரியாமல். வேறு கோயிலில் இந்த இடத்தில் அர்ச்சனைப் பெயர்கள், நட்சத்திரம், ஒலிபெருக்கி. இங்கே ஒரு குழந்தை இருமியது, அவ்வளவுதான். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். காதில் விழுந்தவரை அது தேவாரம் இல்லை. மகனுக்கு கட்டாரில் வேலை கிடைக்கவேண்டும் என்று, வீட்டு ஆளிடம் பேசுவது போல முருகனிடம் பேச்சு. குருக்கள் பேசாத கோயிலில் சனம் தானாகப் பேசிக்கொள்கிறது.

ஆவணித் திருவிழாவில் ஆலாத்திப் பெண்கள் விளக்குத் தட்டோடு சாமிக்கு முன்னால் போவார்கள். மச்சானின் தங்கை சின்ன வயதில் ஆலாத்தி எடுத்தவள். அந்த வேலைக்கு என்று விரதம், ஒழுங்கு, யார் வீட்டுப் பிள்ளை என்ற முறை எல்லாம் இருக்கிறது. கதிர்காமத்திலும் இதே போல ஆலாத்தி அம்மாமார் உண்டு. இரண்டு கோயிலுக்கும் இடையில் எத்தனை காடு, எத்தனை ஆறு! யார் யாரிடம் கற்றார்கள் என்று கேட்டால் இரண்டு பக்கமும் தாங்கள்தான் முதல் என்பார்கள்.

இப்போது எனக்கு ஒன்று பிடிபடுகிறது. ரயிலில் கேட்ட பெரியவரிடம் சொல்ல வேண்டியது இதுதான்: எங்கள் பக்கம் பழசு சுவரில் இல்லை, முறையில் இருக்கிறது. யார் வாயைக் கட்டுவது, யார் விளக்கெடுப்பது, எந்தக் குடி எந்த நாள். சுவர் போன வருஷம் பெயின்ட் அடித்ததாக இருக்கலாம். செங்கல்லும் மரமும் ஓலையுமாகக் கட்டிய நாடு இது, மாரி மழைக்கும் வாவி உப்புக்கும் எது நிற்கும்? நின்றவற்றையும் பறங்கியர் இடித்தார்கள்.

குருமண்வெளிக்குப் பாதையில் வந்தோம். மண்முனையில் போனது இங்கே இன்னும் இருக்கிறது. மோட்டார் சைக்கிள்கள், ஒரு கட்டு விறகு, சீருடையோடு டியூஷன் முடிந்த பிள்ளைகள். ஒரு பையன் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனில் கிரிக்கெட் பார்த்தான். பாதைக்காரர் திட்டியும் காலை எடுக்கவில்லை.

மாமி புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்திருந்தார். உகந்தைக்குப் போவதால் வீட்டில் மீன் வாசனையே இல்லை, பூனைக்குத்தான் பாவம். "நாலு மணிக்கு எழும்பணும் மனே, இப்ப போய்ப் படுங்க" என்கிறார். வேனில் பக்கத்து வீட்டாரும் வருகிறார்களாம். மாமி அரிசி, பயறு, சர்க்கரை, பானை, விறகு வரை கட்டி வைத்தாயிற்று. புக்கை பொங்குவதுதான் நேர்த்தி.

ஞாயிறு, பகல், பொத்துவில்

நாலு மணி என்பது ஐந்தரை ஆயிற்று. மச்சானின் பழைய டொல்பின் வேன், பின் சீட்டில் பெண்கள், பானை, பிள்ளைகள். முன் சீட்டில் நான். கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர், மறுபடி ஒரு தமிழ் ஊர். வரைபடத்தில் எல்லைகள் தெரியும், றோட்டில் தெரியாது. பாண் வேன் மட்டும் எல்லா ஊரிலும் ஒரே பாட்டைப் போட்டுக்கொண்டு வருகிறது. காரைதீவில் மாமி கையெடுத்தார். கண்ணகி அம்மனுக்கு என்று நினைத்தேன், "விபுலானந்த சுவாமி பிறந்த ஊரல்லவா" என்றார். சுவாமி 1892இல் பிறந்த ஊர், ஆம். அம்மனுக்கும் ஒரு கும்பிடு தனியாக விழுந்தது.

தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயில் கதவு சாத்தியிருந்தது. வைகாசிக் குளிர்த்தி முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இந்தப் பக்கத்துக் கண்ணகி கோயில்கள் பலவற்றில் வருஷத்துக்கு ஒருமுறை வைகாசியில்தான் கதவு திறப்பார்கள். அந்த நாட்களில் கண்ணகி வழக்குரை காவியத்தைப் பாடுவார்கள், கடைசியில் மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் கோபத்தைத் தணிக்கக் குளிர்த்தி பாடி நீர் தெளிப்பார்கள். தமிழ்நாட்டில் கண்ணகியைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். எங்கள் ஊரில் அம்மை போட்டால் அவளுக்குத்தான் நேர்கிறார்கள். பழைய நாளில் மழை பொய்த்தால் கொம்புமுறி விளையாட்டும் நடக்கும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி இரண்டு சேரியும் இழுக்கவேண்டும், எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. கண்ணகி பக்கம் வென்றால் ஊருக்கு நல்லது. மச்சானின் தாத்தா தென்சேரி. இன்றும் வடசேரிக்காரரைக் கண்டால் மாமி ஒரு கிண்டல் அடிக்காமல் விடமாட்டார்.

திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோயில் கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மணல், காற்று, அலைச் சத்தம். 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரை முழுவதும் என்னவானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பறங்கியர் இடித்த கோயில் இது என்பதும் ஊர் வழக்கு. இந்த வட்டாரத்தில் கிடைத்த பழைய தமிழ்க் கல்வெட்டு ஒன்று, விசயபாகு தேவரின் 10ஆம் ஆட்சியாண்டில் சிவஞான சங்கரர் கோயிலுக்குக் கொடுத்த தானத்தைச் சொல்கிறது. பெயரோ பௌத்த அரசனின் பெயர், மொழி தமிழ், கோயில் சிவனுக்கு. இன்றைக்கு மேடை போட்டுச் சண்டை பிடிக்கிறவர்களை அந்தக் கல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார வைக்கலாம்.

பூசை நடந்தது. நேற்று மண்டூரைப் பார்த்த காதுக்கு இங்கே மணியும் மேளமும் பெரிதாகக் கேட்டன. வெளி வீதியில் காவி வேட்டி, முதுகில் மூட்டையோடு ஒரு கூட்டம். பாதயாத்திரைக்காரர்கள். வடக்கில் செல்வச்சந்நிதியில் இருந்து வேலைத் தூக்கிக்கொண்டு கிழக்குக் கரையோரமாக நடந்து வருகிறவர்கள், கதிர்காமம் வரை போவார்கள். மாமி அவர்களைக் கண்டதும் வேனில் இருந்த வாழைப்பழச் சீப்பை அப்படியே கொடுத்துவிட்டார். ஒருவரையொருவர் 'சாமி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாவிடம் கால் வலிக்கவில்லையா என்று கேட்டேன். "வலிக்கும் சாமி. நடந்தா மறந்துபோயிரும், இருந்தாத்தான் வலி" என்றார்.

கோமாரி தாண்டும்வரை இப்படிச் சின்னச் சின்னக் கூட்டங்கள். இலங்கையின் கிழக்கு முனை இந்தக் கரையில்தான் இருக்கிறது, சங்கமன்கண்டி. மற்றவர்களைவிட முதலில் சூரியனைப் பார்க்கும் ஊர், ஆனால் எட்டு மணிக்கு யார் எழுந்திருந்தார்கள் என்று மச்சான் கேட்கிறான்.

பொத்துவிலுக்கு வந்து, மொனராகலை வீதியில் லகுகல பக்கம் ஒரு சுற்று. மகுல் மகா விகாரை பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. மாமி மறுப்புச் சொல்லவில்லை, "போயாவுக்குப் புத்தர் கோயிலுக்குப் போறது நல்லதுதானே". ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டியது என்று அங்குள்ள 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. பழைய ருகுணை அரசன் காவந்தீசனும் விகாரமகாதேவியும் மணம் செய்த இடம் என்று நம்புகிறார்கள். காட்டுக்குள் தூண்கள், படிகள், உடைந்த சிலை, குளம். வாசற்படியில் பதிக்கும் அரைவட்டச் சந்திரவட்டக்கல் ஒன்று அருமை: வழக்கமாக யானைகள் மட்டும் வரிசையாகப் போகும், இங்கே யானைகளின் மேல் ஆட்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் ஆட்களை எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

கல் என்றால் இங்கேதான் கல். ஆனால் நேற்று நான் எழுதியதற்கு இது எதிர்ச்சாட்சியா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். தூண் இருக்கிறது, அதன் மேல் என்ன கூரை இருந்தது, யார் என்ன பாடினார்கள், எந்த ஊர் எந்த நாளில் நெல் கொண்டுவந்தது என்பதெல்லாம் காட்டோடு போய்விட்டது. பிறகு ஊர் மறுபடி வந்தது, பிக்கு வந்தார், இன்று வெள்ளை உடையில் குடும்பம் குடும்பமாகச் சனம், தாமரைப் பூ, ஊதுபத்தி. அறுந்ததை மறுபடி முடிந்திருக்கிறார்கள். வாசலில் தன்சல், வருகிறவர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் பந்தல். இளைஞர்கள் வண்டியை மறித்து மரவள்ளிக்கிழங்கும் கொச்சிக்காய்ச் சம்பலும் தந்தார்கள். வாங்காமல் போக விடமாட்டோம் என்று அடம். விரதத்தில் இருந்த மாமி கிழங்கைக் கையில் வாங்கிக் கும்பிட்டு, பிள்ளைகளிடம் கொடுத்தார்.

ஞாயிறு, இரவு, பொத்துவில் பஸ் நிலையம்

பாணமையில் தார் றோட்டின் சுகம் முடிகிறது. பாணமை எனக்கு மிகவும் பிடித்த ஊர். சிங்களமும் தமிழும் கலந்து சம்பந்தம் செய்த குடும்பங்கள், இரண்டு மொழியிலும் திட்டத் தெரிந்த பிள்ளைகள். இங்கே கண்ணகிக்குப் பெயர் பத்தினி தெய்யோ. அவளுக்கு அங்கெலிய என்று கொம்பிழுக்கும் விளையாட்டு. தம்பிலுவில்காரர் கண்ணகிக்குக் கொம்பு முறித்தால் பாணமைக்காரர் பத்தினிக்கு முறிக்கிறார்கள். கடையில் தேத்தண்ணி ஊற்றிய அம்மாவிடம் மாமி சிங்களத்தில் தொடங்கினார், அவர் தமிழில் பதில் சொன்னார், இரண்டு பேரும் கடைசிவரை அப்படியே பேசினார்கள்.

பாணமையில் இருந்து உகந்தை வரை கிரவல் பாதை. செம்மண் புழுதி, பற்றைக்காடு, பாறைக் குன்றுகள், மயில். யானைச் சாணம் பார்த்தோம், யானையைப் பார்க்கவில்லை. மாமிக்கு அதில் பரம திருப்தி.

உகந்தைமலை முருகன் கோயில், குமண சரணாலய வாசலுக்குப் பக்கத்தில், கடலுக்கும் பாறைக்கும் இடையில். கீழே முருகன், மலையில் வள்ளி. பாறைக்குள் சுனைகள், அதில் ஒன்றில் கை நனைத்துக்கொண்டு மேலே ஏறினோம். பாறை சுட்டது, காலில் செருப்பில்லை, ஓடித்தான் ஏறவேண்டும். மேலே நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முடிவில்லாத காடு. இந்தக் காட்டுப் பாறைகளில் பழைய துறவிகளின் குகைகளும் பிராமி எழுத்துகளும் உண்டு. கீழே கடற்கரையில் முருகனும் வள்ளியும் வந்திறங்கிய ஓடங்கள் கல்லாகிக் கிடக்கின்றன என்று ஒரு பையன் விரல் நீட்டிக் காட்டினான். ஓடம் மாதிரித்தான் தெரிந்தது. காட்டாமல் இருந்தால் தெரிந்திருக்குமா என்று கேட்காதீர்கள்.

கோயில் இன்று திருவிழாக் கோலத்தில் இல்லை. ஆனால் மரத்தடி எல்லாம் யாத்திரைக்காரர். தகரப் பேணியில் சோறு கொதிக்கிறது, மரக்கிளையில் ஈர வேட்டி, குரங்குகள் மூட்டையை நோட்டம் விடுகின்றன. காட்டுப் பாதை திறக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட சில நாட்கள் மட்டும்தான் அரசாங்கம் திறந்துவிடும். அப்புறம் குமண, கும்புக்கன் ஆறு, யால என்று காட்டுக்குள் நாட்கணக்கில் நடந்து கதிர்காமம். போகும் வழியில் தண்ணீர்தான் பிரச்சினை, யானை இல்லை என்றார் ஒரு சாமி. யானை வந்தால் அரோகரா சொல்லலாம், தண்ணீருக்கு என்ன சொல்வது?

மாமி மூன்று கல் வைத்துப் பானை ஏற்றினார். கச்சான் காற்றுக்கு நெருப்பு நிற்கவில்லை, நாங்கள் சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டினோம். பால் பொங்கி வழிந்தபோது அரோகராச் சத்தம் எங்கள் அடுப்பில் தொடங்கி மரத்தடி மரத்தடியாகப் போயிற்று, யாருடைய பானை என்று தெரியாதவர்களும் கூவினார்கள். படைத்து முடிந்ததும் புக்கையை வாழையிலையில் வெட்டி வெட்டிச் சுற்றிவரக் கொடுத்தார். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் சர்க்கரை காணாது என்றார். மாமி விடுவாரா, "இது மட்டக்களப்புப் புக்கை, இப்படித்தான் இரிக்கும்" என்றார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன நேர்த்தி என்று மாமி இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை. கேட்கவும் கூடாது.

போக நினைப்பவர்களுக்கு: உகந்தையில் கடை என்று நம்பிப் போகாதீர்கள், தண்ணீரும் பெற்றோலும் பொத்துவிலிலேயே எடுத்துவிடவேண்டும். நாலு மணிக்கு மேல் பாணமைப் பாதையில் நிற்கக்கூடாது, யானை இறங்கும். மண்டூருக்கு மாலைப் பூசைக்குப் போங்கள், போனை வேனிலேயே விட்டுவிடுங்கள். தம்பிலுவில் அம்மனை உள்ளே பார்க்கவேண்டும் என்றால் வைகாசிதான்.

மச்சான் என்னைப் பொத்துவில் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். கொழும்பு பஸ் ஒன்பது மணிக்கு என்றார்கள், இப்போது ஒன்பதேகால், டிரைவர் இன்னும் சாப்பிடுகிறார். ஆவணியில் மண்டூர்த் திருவிழாவுக்கு லீவு போடு என்று மச்சான் சொல்லியிருக்கிறான், நாளைக்கு மேலதிகாரியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கவேண்டும். மாமி கட்டித் தந்த இரண்டு தயிர்ச் சட்டிகள் மடியில். கொழும்பு மட்டும் குலுங்காமல் போகவேண்டும், மொனராகலை வளைவுகள் அதற்கு விடுமா தெரியாது. கண்டக்டர் ஏற்கனவே சட்டிகளைப் பார்த்து, "அண்ணே, அது ஊத்தினா நீங்கதான் கழுவணும்" என்று சொல்லிவிட்டார்.